இரவு ரயிலில் குழந்தை எங்கே உறங்கும்? ரயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இரவு நேர நெடுந்தூர ரயில்களை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றின் முன்பதிவு விதிகளை வகுப்பவர்களுக்கும், வண்டியில் பணிபுரிவோருக்குப் பயிற்சி அளிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஆறு வயது மகனுக்கும் இரண்டரை வயது மகளுக்கும் தாய் நான். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறையாவது இரவு முழுதும் ஓடும் ரயிலில் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம் எங்களுக்கு அமைந்துவிடுகிறது. அவற்றுள் பாதிப் பயணங்களில் பிள்ளைகளுடன் நான் மட்டுமே செல்கிறேன். வேறு வழியில்லாமல் ரயில் ஏறுகிறேன் என்று எண்ண வேண்டாம். வார்ப்பட்டையால் இருக்கையோடு கட்டிவைக்கப்படாமல், ஒரு சிறு பிள்ளை எழுந்து நிற்கவும், நாலடி நடக்கவும், சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருட்டில் ஓடும் விளக்குகளை வேடிக்கை பார்க்கவும் இடம் தரும் ஊர்தி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இந்தப் பயணத்தைக் கைவிட எனக்கு மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இரவு ரயிலில் உள்ள ஒவ்வொன்றும், தனியாக ஏறித் தனியாக உறங்கித் தனியாக இறங்கும் ஒரு பெரியவரை மனத்தில் வைத்து அளந்து செய்யப்பட்டிருக்கிறது. படுக்கையின் அகலம், ஏணிப்படிகளின் இடைவெளி, விளக்கு விசையின் உயரம், கழிப்பறைத் தாழ்ப்பாளின் இறுக்கம் ஆகிய அனைத்தும் அவருக்கானவை. குழந்தை உங்கள் விதிகளில் ஒரு கட்டணப் பிரிவாக வருகிறது; அதற்குமேல் வருவதில்லை. அது எங்கே படுக்கும், யாருக்கு அருகில் படுக்கும், உறக்கத்தில் புரண்டால் என்ன ஆகும் என்பவை பெற்றோரின் பாடு என்று விடப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1830களின் இறுதியில் படுக்கை வசதியுள்ள பெட்டி ஓடத் தொடங்கிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 190 ஆண்டுகளில் மெத்தை மாறியிருக்கிறது, குளிர்சாதனம் வந்திருக்கிறது, மின்னேற்றும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஒரு படுக்கை என்றால் ஒரு பெரியவர் என்ற கணக்கு மட்டும் பெரும்பாலான வண்டிகளில் அப்படியே நிற்கிறது.

முன்பதிவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் இன்னல்களில் பாதி அங்கேதான் விளைகிறது. கடந்த ஆண்டு ஒரு பயணத்துக்கு ஐம்பது நாள்களுக்கு முன்பே சீட்டு எடுத்தேன். மகனுக்குத் தனிப் படுக்கை. மகளுக்குத் தனியாகக் கிடையாது, என்னோடுதான் படுக்க வேண்டும். கீழ்ப்படுக்கை வேண்டும் என்று குறித்திருந்தேன். மூவரின் வயதையும் படிவத்தில் நிரப்பியிருந்தேன். வண்டி ஏறிப் பார்த்தால் எனக்கு நடுப்படுக்கையும், மகனுக்கு அடுத்த தடுப்பில் மேல்படுக்கையும் ஒதுக்கப்பட்டிருந்தன. உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுப்படுக்கைக்கு ஏற முடியாது. எப்படியோ ஏறினாலும், நிமிர்ந்து உட்கார்ந்து பாலூட்ட அங்கே தலைக்கு மேல் இடம் இல்லை. எங்கள் தடுப்பின் கீழ்ப்படுக்கையில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இரண்டு முழங்கால்களிலும் உறை அணிந்திருந்தார். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ கீழே படும்மா, நான் எப்படியாவது ஏறிக்கொள்கிறேன்” என்றார். ஏணியின் இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். வலது கால் மேலே வராமல், தொடையைக் கையால் பிடித்துத் தூக்கிப் படுக்கையின் விளிம்பில் வைத்தார். கீழே நின்று, எதையும் தாங்கிப் பிடிக்க இயலாமல், தோளில் பிள்ளையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கீழ்ப்படுக்கை அவருக்கு முறையாக உரியது, எனக்கும் தேவையானது. இருவரில் ஒருவர் துன்பப்பட்டே தீர வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது இடப்பற்றாக்குறை என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அதே பெட்டியில் நான்கு தடுப்புகள் தள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் சிலருக்கு மூன்று கீழ்ப்படுக்கைகள் கிடைத்திருந்தன என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. “கேட்டிருந்தால் மாற்றிக்கொண்டிருப்போமே, அக்கா” என்று அவர்கள் மனமார வருந்தினார்கள். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தது நானா, ஒதுக்கீடு செய்த கணினியா என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நாங்கள் தந்த வயதுகளைக் கொண்டு கட்டணத்தைச் சரியாகக் கணக்கிட்ட அதே மென்பொருள், அதே வயதுகளைக் கொண்டு இடத்தையும் கணக்கிட்டிருக்க முடியும். இது புதுப் பெட்டி வாங்க வேண்டிய வேலை அல்ல. ஒரு விதியை எழுதிச் சேர்க்கும் வேலை.

கட்டண விதிகள் எவ்வளவு நுணுக்கமாக எழுதப்படுகின்றன என்பதைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். இந்திய ரயில்வேயில் 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, படுக்கையும் இல்லை. 5 வயது முதல் 12 வயது நிறையும் வரை, 2016 ஏப்ரல் மாதத்திலிருந்து, தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தில் 2 வயது நிறையாதவர்கள் பெரியவரின் மடியில் கட்டணமின்றிச் செல்லலாம். இந்த வரம்புகளைக் குறை கூற நான் வரவில்லை. ஐந்து வயது, இரண்டு வயது என்று கோடு கிழிக்கும் அளவுக்குப் பிள்ளைகளின் வயதை உற்றுநோக்கும் நிர்வாகங்கள், அதே நோக்கைப் படுக்கை ஒதுக்கீட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மேல்படுக்கை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் பயன்படுத்தும் அடுக்குக் கட்டில்களில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் அந்நாட்டின் குழந்தை மருத்துவர் அமைப்பும் நெடுங்காலமாக அறிவுறுத்தி வருகின்றன. கட்டிலின் தடுப்புக் கம்பி மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்றும், குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளாதபடி இடைவெளிகள் மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றும் அங்கே விதி இருக்கிறது. அசையாமல் நிற்கும் வீட்டுக் கட்டிலுக்கே இவ்வளவு கவனம். வளைவில் சாய்ந்தும், தடம் மாறும்போது குலுங்கியும், பிரேக் போடும்போது முன்னும் பின்னும் உந்தியும் ஓடும் வண்டியில், ஆளுயரத்துக்கு மேலே, ஒரு சங்கிலியும் ஒரு சிறு கம்பியும் மட்டுமே காவலாக உள்ள படுக்கையில் ஐந்து வயதுப் பிள்ளையைப் படுக்கவைக்க உங்கள் ஒதுக்கீட்டு முறை இடமளிக்கிறது. அன்றிரவு என் மகனுக்கு நல்வாய்ப்பாக எதிர்ப்படுக்கைக்காரர் இடம் மாற்றிக் கொடுத்தார். நல்வாய்ப்பை நம்பி ஒரு நிர்வாகம் இயங்கலாகாது.

கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒருவர் படுக்கும் இரண்டு, இரண்டரை அடி அகலத்தில் தாயும் பிள்ளையும் படுக்கும்போது, பிள்ளையைச் சுவர்ப் பக்கம் விட்டுத் தாய் விளிம்பில் ஒருக்களித்துக் கிடப்பதே எல்லோரும் செய்வது. நடு இரவில் மகள் என் மேல் ஏறி மறுபுறம் புரள்கிறாள். உறக்கத்திலும் என் கை அவளைத் தேடுகிறது. ஒருமுறை, ஒரு நிலையத்தில் வண்டி சட்டென்று நின்றபோது அவள் நழுவிக் கீழே கிடந்த பைகளின் மேல் விழுந்தாள். அடி இல்லை, பைகள் அங்கே இருந்தது தற்செயல். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் நான் பைகளைப் படுக்கைக்குக் கீழே தள்ளாமல் படுக்கையின் ஓரத்திலேயே அடுக்கிவைக்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் பணியாளர் ஒருவர் வந்து, நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அவற்றை உள்ளே தள்ளச் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான். படுக்கையோடு இணைந்த, வேண்டும்போது உயர்த்தி வேண்டாதபோது மடக்கிவிடக்கூடிய ஓர் ஒன்றரை அடித் தடுப்பு இருந்தால் அவருக்கும் எனக்கும் வழக்கே இல்லை.

இதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, லக்னோ மெயில் வண்டியின் ஒரு பெட்டியில் இரண்டு கீழ்ப்படுக்கைகளோடு சேர்த்து, பயன்படாதபோது மடக்கிவைக்கக்கூடிய குழந்தைப் படுக்கைகள் சோதனையாகப் பொருத்தப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்த நாளில், யாரோ ஒரு பொறியாளர் தாயின் படுக்கையைத் தாயின் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று மகிழ்ந்தேன். அமெரிக்காவின் சூப்பர்லைனர் படுக்கைப் பெட்டிகளில், பெட்டியின் முழு அகலத்துக்கும் விரிந்த குடும்ப அறை ஒன்று கீழ்த்தளத்தில் உண்டு. இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் அதில் படுக்கலாம், சிறுவர் படுக்கைகள் அவர்கள் உயரத்துக்கு ஏற்ற குறைந்த நீளத்தில் அமைந்திருக்கின்றன. ஆனால் ஒரு பெட்டிக்கு அத்தகைய அறை ஒன்றே ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் ஈரடுக்கு ரயில்களில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே குடும்பப் பெட்டி ஓடுகிறது; பின்லாந்தின் ஈரடுக்கு ரயில்களிலும் விளையாட்டு இடம் இருக்கிறது; ஆஸ்திரியாவின் ரயில்ஜெட் வண்டிகளில் பிள்ளைகளுக்குப் படம் காட்டும் மூலை உண்டு. பாராட்டத்தக்க இந்த விளையாட்டு ஏற்பாடுகள் பகற்பயணத்துக்கானவை. பகலில் பிள்ளைக்கு விளையாட இடம் தர வேண்டும் என்று புரிந்துகொண்ட துறைக்கு, இரவில் அதற்கு உறங்க இடம் தர வேண்டும் என்பது புரியாமல் போக நியாயமில்லை.

உறக்கத்தின் அளவையும் கருத வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டு விடியற்காலை ஐந்துக்குச் சென்று சேரும் வண்டியில் இது எப்படி நடக்கும்? பெரியவர்களுக்கு வசதியான நேரம் அது. எட்டு மணிக்கு உறங்கிப் பழகிய பிள்ளை நடைமேடையில் உறங்கிவிடுகிறது, ஏறும்போது விழிக்கிறது, சீட்டுப் பரிசோதனையில் விழிக்கிறது, அடுத்த நிலையத்தில் ஏறுபவர்கள் முகட்டு விளக்கைப் போடும்போது மறுபடி விழிக்கிறது. புறப்படும் நேரத்தை எங்களுக்காக மாற்றச் சொல்ல மாட்டேன். வண்டி புறப்படும் நிலையத்தில் அரை மணி நேரம் முன்னதாகச் சிறு பிள்ளைகளோடு வருபவர்களை ஏற அனுமதிக்கலாம். சீட்டுப் பரிசோதனையை அவர்கள் ஏறும்போதே முடித்துவிடலாம். ஏறுபவர்கள் தம் படுக்கை எண்ணைப் பார்ப்பதற்கு முகட்டு விளக்குக்குப் பதிலாகத் தரையோரம் ஒரு மங்கலான விளக்கும், இருட்டில் தெரியும் எண்களும் போதும்.

கைக்குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களை உறுதியான, சமமான, தனிப்பட்ட பரப்பில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. ரயிலில் அப்படி ஒரு பரப்பே கிடையாது. ஆகவே நான்கு மாதக் குழந்தையோடு செல்லும் தாய், தான் உறங்கி அதன் மேல் புரண்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தே வருகிறாள். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படித்தான் வந்தேன்.

கழிப்பறை பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. ஒரு காட்சி போதும். நள்ளிரவு இரண்டு மணிக்கு டயப்பர் மாற்ற வேண்டும். கழிப்பறையில் குழந்தையைக் கிடத்த ஒரு பலகை இல்லை, தரை ஈரம். படுக்கையிலேயே, பக்கத்தில் இருப்பவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று கைப்பேசியைப் பல்லால் கடித்துக்கொண்டு அதன் வெளிச்சத்தில் மாற்றுகிறேன். வண்டி குலுங்குகிறது. ஒரு கை குழந்தையின் இரு கணுக்கால்களையும் பிடித்திருக்கிறது, மறு கை ஈரத்துணியைத் தேடுகிறது, மகன் மேலிருந்து “அம்மா, எனக்கும் போகணும்” என்கிறான். அவனைத் தனியாக அனுப்ப முடியாது, ஏனென்றால் கழிப்பறைக்கு எதிரே வெளிக்கதவு இருக்கிறது, சில வண்டிகளில் அது திறந்தே கிடக்கிறது. இவளை விட்டுவிட்டு அவனோடு போகவும் முடியாது. சுவரில் மடக்கிவைக்கும் ஒரு பலகை, அதற்கு ஒரு வார்ப்பட்டை, ஒரு கொக்கி, மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி ஆகியவற்றைப் பெட்டிக்கு ஒரு கழிப்பறையிலாவது வைக்குமாறும், வண்டி ஓடும்போது வெளிக்கதவுகள் மூடியிருப்பதை உறுதி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இறங்குவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ பயணத்தின் மிகக் கொடிய நேரம் அதுதான். இடைநிலையம் ஒன்றில் அதிகாலை நாலேகாலுக்கு வண்டி இரண்டே நிமிடம் நிற்கும். உறங்கும் பிள்ளைகள் இருவர், பைகள் மூன்று, கைகள் இரண்டு. எந்தப் பக்கம் நடைமேடை வரும் என்பது வண்டி உள்ளே நுழையும்வரை தெரிவதில்லை. முதலில் பைகளை இறக்கினால் பிள்ளைகள் வண்டியில் இருப்பார்கள். முதலில் பிள்ளைகளை இறக்கினால் இருட்டு நடைமேடையில் அவர்களைத் தனியே நிறுத்திவிட்டுப் பைகளுக்காக ஏற வேண்டும். பைகள் போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டே ஒவ்வொரு முறையும் கதவருகே நிற்கிறேன். இதுவரை யாராவது கை கொடுத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு தனியே வரும் பயணி எந்தப் படுக்கையில் இருக்கிறார், எங்கே இறங்குகிறார் என்பது உங்கள் பட்டியலில் முன்னரே இருக்கிறது. நிலையம் வருவதற்கு இருபது நிமிடம் முன்பு பெட்டிப் பணியாளர் ஒருவர் வந்து எழுப்பி, எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பையை வாங்கிக்கொண்டால், அந்த ஐந்து நிமிட வேலை ஒரு தாயின் இரவு முழுவதையும் மாற்றிவிடும். நான் உறங்காமல் விழித்திருப்பதற்குப் பாதிக் காரணம், நிலையத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம்தான்.

குழந்தை அழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள்மேல் சக பயணிகளுக்கு உள்ள மனக்குறை அது. அவர்களும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். அவர்கள் முகம் சுளிப்பதை நான் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்பங்களைப் பெட்டி முழுதும் சிதறவிடுவதால்தான் எல்லாத் தடுப்புகளுக்கும் ஒரு குழந்தையின் அழுகை எட்டுகிறது. ஒரு பெட்டியின் ஓரத்தில் இரண்டு தடுப்புகளைச் சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கி, குறிப்பிட்ட நாள் வரை யாரும் கேட்காவிட்டால் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டால், அமைதி வேண்டுவோரும் அதை விட்டு விலகிப் பதிவு செய்துகொள்ளலாம். அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் இன்னொரு தாய் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இவற்றுள் எதை உடனே செய்யலாம், எதற்குக் காலம் ஆகும் என்பதை நானும் எண்ணிப் பார்த்தேன். புதிய பெட்டிகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடுகின்றன. ஆகவே மடக்கும் தடுப்பும் குழந்தைப் படுக்கையும் அடுத்த வடிவமைப்பு ஒப்புதலுக்குள் இடம்பெறாவிட்டால், என் மகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் நாளிலும் அதே விளிம்பில்தான் படுப்பாள். கழிப்பறைப் பலகையைப் பெட்டிகள் பழுதுபார்க்க வரும்போது பொருத்தலாம். பணியாளருக்கான அறிவுறுத்தல் ஒரு சுற்றறிக்கையில் அடங்கும். முன்பதிவு விதிக்கோ காத்திருக்க வேண்டிய காரணமே இல்லை: ஒரே சீட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் உடன் வரும் பெரியவருக்குக் கீழ்ப்படுக்கை, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதே தடுப்பில் இடம், 6 வயது நிறையாத பிள்ளைக்கு எந்நிலையிலும் மேல்படுக்கை கிடையாது, முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் உள்ள உரிமை இதனால் குறையக் கூடாது. இந்த நான்கு வரிகளை உங்கள் மென்பொருளில் எந்த நாளில் சேர்ப்பீர்கள் என்பதைப் பயணிகள் அறியும்படி அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயணத்துக்கு நான் இன்னும் இரண்டு மாதத்தில் சீட்டு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளோடு இரவு ரயிலில் செல்லும் ஒரு தாய்